நிலம் இருக்கிறது, பொழுது எங்கே?

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

கதை எழுதுவதை ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாது என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கும் ஒரு கருத்து. எழுத வேண்டும் என்ற உந்துதலைக் கற்பிக்க முடியாதுதான். ஆனால் எழுதி முடித்த கதையிலே எந்த வாக்கியம் வேலை செய்கிறது, எது சும்மா நிற்கிறது என்று பார்ப்பதற்குப் பழக்கலாம். இன்று நான் பேசப்போவது அந்தப் பழக்கத்தைப் பற்றியே. இலக்கியக் கோட்பாடு எதையும் நான் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருக்கும் ஒன்றேயொன்றும் நம்முடைய தொல்காப்பியத்திலிருந்து எடுத்தது.

நான் பிறந்த ஊர் நாரந்தனை. இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிக்கிறேன். கல்லூரி மட்டத்திலும் பிரதேச மட்டத்திலும் நடக்கும் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்வருவதுண்டு. உயர்தர மாணவர் எழுதியவை, இளம் ஆசிரியர்கள் எழுதியவை, வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் வந்து சேர்ந்தவை என்று பலவகைக் கதைகளை வாசித்திருக்கிறேன். தீவகத்தைப் பற்றிய கதைகளிலே பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கும். முதற்பக்கத்திலே கிடுகு வேலி, படலை, துலாக்கிணறு, வேப்பமரம், பனங்கூடல், ஆச்சி காய்ச்சிய ஒடியற்கூழ். இரண்டாம் பக்கத்திலே ஷெல் விழுகிறது, சனங்கள் ஓடுகிறார்கள். மூன்றாம் பக்கத்திலே பல வருடங்கள் கழித்து ஒருவர் திரும்பி வருகிறார். கூரையில்லாத வீட்டையும் முற்றத்திலே முளைத்த பற்றையையும் பார்த்து அழுகிறார்.

அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். எழுதிய பிள்ளையின் தாயோ தகப்பனோ உண்மையிலேயே அழுதிருப்பார்கள். ஆனால் அந்தக் கதையிலே நாரந்தனை என்று வருமிடத்தில் வேலணை என்று போட்டாலும், சரவணை என்று போட்டாலும், கரம்பன் என்று போட்டாலும் எதுவும் மாறாது. ஆச்சியின் பெயரை மாற்றினாலும் மாறாது. வாசித்து வைத்த மறுநாள், எந்தக் கதையிலே எந்த ஆச்சி என்று நடுவருக்கே நினைவிருக்காது. ஓர் ஊர் இழந்த துயரம் இப்படி மறக்கப்படுவது எனக்குக் கவலை தருகிறது. ஏனெனில் அந்த ஊரை நேரிலே கண்டவர்களின் தொகை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகிறது.

இக்கதைகளிலே என்ன குறை? தொல்காப்பியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று சொன்னார். பரீட்சைக்காக எல்லோரும் மனனம் செய்ததுதான். கருப்பொருள் என்பது அந்நிலத்து மரம், விலங்கு, உணவு, தொழில் முதலியன. உரிப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய மனநிலை. நெய்தலுக்கு இரங்கல். நமது மாணவரின் கதையிலே கருப்பொருள் குவிந்து கிடக்கிறது. இரங்கலுக்கும் குறைவில்லை. முதற்பொருளுக்கு வருவோம். முதற்பொருள் என்பது நிலம் மட்டுமா? நிலமும் பொழுதும் சேர்ந்ததல்லவா முதற்பொருள்? பெரும்பொழுது, சிறுபொழுது என்று இரண்டாகப் பிரித்து, இன்ன திணைக்கு இன்ன பொழுது என்று வகுத்துவைத்தார்கள். நெய்தலுக்கு எற்பாடு. வெயில் சாய்கிற அந்த வேளையிலே காத்திருப்பவளுடைய இரங்கல் கூடுகிறது. விடியற்காலையிலே அதே பெண்ணை அதே கரையில் நிறுத்தினால் அது வேறு பாட்டு.

நமது மாணவர் கதைகளிலே இல்லாதது இந்தப் பொழுதுதான். அவர்களுடைய ஊர் எப்போதும் 'அந்தக் காலத்திலே' இருக்கிறது. எந்தக் காலம் என்று கேட்டால் விடையில்லை. பொழுது இல்லாத இடத்திலே எதுவும் நடக்க முடியாது. நினைத்துப் பார்க்க மட்டுமே முடியும்.

எங்கள் தீவகத்தைக் களமாகக் கொண்ட நாவல்களிலே இதற்கு நல்ல பாடமாக நான் காட்டுவது செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து, 1978இலே பிறேம்நாத் மொறாயிஸின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. க. குணராசா என்ற இயற்பெயர் கொண்ட ஆசிரியர் புவியியல் படித்தவர், 2016இலே காலமானார். வாடை பெயரும் பருவத்திலே வெளியூர் மீனவர் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வதும், அவர்களுக்கும் அத்தீவின் மக்களுக்கும் இடையிலே முளைக்கும் உறவும் பகையும் காதலுமே நாவலின் பொருள்.

இதிலே கவனிக்கவேண்டியது என்னவென்றால், காற்றை வருணிப்பதற்காக ஆசிரியர் அதிகம் சிரமப்படத் தேவையில்லாமல் போய்விட்டது. காற்றுத்தான் அவருடைய தவணை. வாடை தொடங்கும்போது வந்தவர்கள் அது ஓயும்போது போயாகவேண்டும். அந்தச் சில மாதங்களுக்குள் விரும்பியவர்கள் துணிய வேண்டும், பகைத்தவர்கள் மோத வேண்டும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் இருக்க முடியாது. ஆகவே ஒரு பெண் கரையிலே நின்று ஒரு நிமிடம் யோசித்தாலும் வாசகனுக்கு நெஞ்சு பதைக்கிறது. நாள் ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரியும். நாவலிலே உணர்ச்சிப் பாங்கு சில இடங்களில் சற்றுத் தூக்கல் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் பொழுதைத் தலைப்பாகவே வைத்து, அதைக்கொண்டே கதையை நடத்திய அந்தக் கெட்டித்தனத்தை எத்தனை தரம் வாசித்தாலும் மெச்சவே தோன்றும்.

'எனக்கு வாடைக்காற்றும் தெரியாது, கடற்றொழிலும் தெரியாது, நான் என்ன செய்ய?' என்று ஒரு மாணவன் கேட்டான். தீவிலே பிறந்தவனுக்குத் தவணைக்கா பஞ்சம்? எங்கள் வாழ்க்கையே கடைசி வள்ளத்தையும் கடைசி பஸ்ஸையும் பார்த்து ஓடிய வாழ்க்கை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் புறப்படும் கடைசிப் படகு போய்விட்டால் அன்றைய நாள் முடிந்தது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலே ஓடும் பாதையும் அப்படித்தான். (பாதை என்றவுடன் தெருவென்று எண்ணவேண்டாம். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.) இரண்டு சகோதரர் காணி பிரிக்க வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு விறாந்தையிலே இருந்து நாட்கணக்காகப் பேசவிட்டால் அது பேச்சாகவே போய்விடும். மூத்தவர் கடைசிப் படகிலே திரும்பியாகவேண்டும், நாளை அவருக்குக் கொழும்பிலே கடை திறக்கவேண்டும் என்று வையுங்கள். இப்போது தேநீர் ஆற்றுவதற்கு எடுக்கும் நேரம்கூடக் கதையாகிவிடும். சோளகம் கடுத்துப் படகு ஓடுமா ஓடாதா என்ற ஐயத்தையும் சேர்த்தால், ஒருவர் மனத்துக்குள் படகு ஓடக்கூடாதென்று வேண்டிக்கொள்வதையும் எழுதலாம்.

படகு என்று சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். நெடுந்தீவுக் கதையிலே ஒரு பாத்திரம் 'குமுதினி'யிலே ஏறுகிறது என்று எழுதினால், எந்த வருடம் என்று எழுதுபவர் அறிந்திருக்கவேண்டும். 1985 மே 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினியிலே குழந்தைகள் உட்படப் பயணிகள் நடுக்கடலிலே வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்த நாளுக்கு முன்னர் அதிலே ஏறும் பெண் புதுச்சேலை நனையாமல் எங்கே இருப்பது என்று பார்ப்பாள். பின்னர் ஏறுபவள் முதலிலே எதைப் பார்ப்பாள்? இரண்டுக்கும் ஒரே வாக்கியம் பொருந்தாது. திகதியைக் கதையிலே அச்சிடத் தேவையில்லை. எழுதுகிற கைக்குத் தெரிந்திருந்தால் போதும். அவள் கால் வைக்கும் விதத்திலே அது வந்துவிடும்.

இனிக் கருப்பொருளுக்கு வருவோம். பனையை எடுத்துக்கொள்ளுங்கள். 'வானளாவிய பனைகள்' என்று எழுதாத மாணவனை நான் கண்டதில்லை. அந்தப் பனை கதையிலே என்ன செய்கிறது? ஆடி, ஆவணியிலே பழம் விழுகிறது. விதையைப் பொறுக்கிப் பாத்தியிலே அடுக்கி மண் மூடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து, மார்கழி தை அளவிலே கிழங்கு கிண்டுகிறார்கள். அவித்துத் தின்பது போக மிஞ்சியதைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். கிண்டாமல் விட்டால் அது வளர்ந்து வடலியாகிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இதனோடு ஒரு பொழுதைச் சேர்த்துப் பாருங்கள். 1990 ஆகஸ்ட் பிற்பகுதியிலே இராணுவம் தீவகத்திலே இறங்கியது. ஆவணி மாதம். எங்களூர்ச் சனங்கள் கையிலே அகப்பட்டதோடு வெளிக்கிட்டார்கள். நானும் அவர்களோடு நடந்த சிறுவர்களில் ஒருவன். அந்த ஆவணியிலே போட்ட பாத்திகளை அடுத்த தையிலே கிண்டியவர் யார்?

இப்போது அந்தப் போட்டிக் கதைகளின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். 'எங்கள் வீட்டுக் கிடுகு வேலியும் பனங்கூடலும் இன்றும் என் நெஞ்சில் நிழலாடுகின்றன' என்ற வகையிலே இருக்கும். அதை அடித்துவிட்டு, 'வெளிக்கிடுவதற்கு முதல்நாள் பின்னேரம் ஆச்சி பாத்திக்கு மண் மூடி முடித்தா' என்று தொடங்கினால் என்ன ஆகிறது? நாளை என்ன நடக்கும் என்று ஆச்சிக்குத் தெரியாது, வாசகனுக்குத் தெரிகிறது. அகதி முகாமிலே அவ தை பிறந்ததும் விரல் மடித்து எண்ணலாம். பல வருடம் கழித்துத் திரும்பி வருபவர் கூரையில்லாத வீட்டைப் பார்க்காமல், பாத்தி இருந்த இடத்திலே நெருக்கமாக, வரிசையாக நிற்கும் வடலிகளைப் பார்க்கட்டும். காற்றிலே விழுந்து முளைத்த பனை வரிசையாக நிற்காது. அந்த வரிசையைக் கண்டவர் அழுகிறாரா இல்லையா என்று எழுதுபவர் சொல்லவேண்டியதேயில்லை.

கிணறும் அப்படியே. துலாக்கிணறு என்றால் நமக்கு உடனே குளிர்மை, நிலவு, ஆச்சி என்று ஒரு படம் வந்துவிடுகிறது. நல்ல தண்ணீர் அருமையான தீவுகளிலே கிணறு என்பது உரிமை. யார் அள்ளலாம், யார் தள்ளி நின்று இன்னொருவர் வார்க்கும்வரை காத்திருக்கவேண்டும் என்பது அதிலே எழுதப்படாமல் எழுதியிருந்தது. புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம், சிறுகதைகளும் விமர்சனமும் எழுதியவர், 1971இலே தம் ஊரின் நன்னீர்க் கிணற்றிலே ஒதுக்கப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்தார். பொலிஸாரின் தாக்குதலுக்கும் ஆளானார். 1973இலே, நாற்பது வயதை எட்டுமுன் மறைந்தார். கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். இவ்வளவும் நடந்த ஒரு நிலத்திலே, கிணற்றடியை வெறும் குளிர்மையாக எழுதுபவர் பாதிச் சனங்களைக் கதைக்கு வெளியிலே நிறுத்திவிடுகிறார். உங்கள் ஆச்சி தண்ணீர் அள்ளிய அந்த நேரத்திலே குடத்தோடு தள்ளி நின்றது யார் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். கதை அங்கேதான் நிற்கிறது என்பது பலமுறை தெரியவரும். பிறந்த ஊரின்மீது பாசமுள்ளவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

மொழிநடை பற்றியும் கேட்கிறார்கள். 1960களின் முற்பகுதியிலே நம் பத்திரிகைகளில் மரபு பற்றிய ஒரு பெரும் விவாதம் நடந்தது. கதையிலே பேச்சுவழக்கைக் கையாள்வதைப் பண்டிதர் சிலர் இழிசனர் வழக்கென்று ஒதுக்கினர். முற்போக்கு எழுத்தாளர் எதிர்த்து வாதாடினர். நமது பேச்சுமொழிக்கு அடிக்குறிப்பு வேண்டுமென்று தமிழகத்திலிருந்தும் குரல் எழுந்தது. அந்த வழக்கிலே எழுத்தாளர்கள் வென்று எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்றைய சிக்கல் வேறு. வென்ற உரிமையை வைத்துக்கொண்டு, ஒரு பந்தியிலே பத்து ஊர்ச்சொல்லைக் கொட்டி, அதுவே மண்வாசனை என்று நினைக்கிறோம்.

சொல்லைத் தொழிலோடு சேர்த்துக் கொடுத்தால் அடிக்குறிப்புத் தேவையில்லை. 'தம்பி துலாவிலே பின்பக்கம் நடக்க, நிறைந்த பட்டை கிணற்றுக்குள்ளிருந்து எழும்பி வந்தது' என்றால், துலாவைக் கண்டிராத சென்னை வாசகருக்கும் ரொறன்ரோவிலே பிறந்த பிள்ளைக்கும் விளங்கும். உரையாடலிலோ, வினோதமான சொற்களைவிட எங்கள் முன்னிலைப் பெயர்கள்தான் பெரிய சொத்து. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி நமக்கு உண்டு. தமிழகத்துப் பேச்சிலே பெரும்பாலும் இரண்டுதான். நடுவிலேயுள்ள அந்த 'நீர்' எவ்வளவு வேலை செய்யும் தெரியுமா? முப்பது வருடமாக 'இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்' என்று சொல்லிவந்த மச்சான், காணி உறுதி எழுதும் அன்று 'இருங்கோ' என்கிறார். மரியாதை கூடிவிட்டது, உறவு முறிந்துவிட்டது. 'அவர்களிடையே மனக்கசப்பு ஏற்பட்டது' என்று ஒரு வரி எழுதவேண்டிய தேவையே இல்லை. சிறுகதைகளைத் திருத்தும்போது நான் முதலிலே பார்ப்பது இதைத்தான்: யார் யாரை எப்படி அழைக்கிறார், அது எங்கே மாறுகிறது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை மாறவேயில்லையென்றால், அந்த இருவருக்குமிடையே எதுவும் நடக்கவில்லையென்று பெரும்பாலும் அர்த்தம்.

நோக்குநிலை, பாத்திர வார்ப்பு என்பன பற்றி விமர்சன நூல்கள் நிறையச் சொல்கின்றன. அவற்றை இந்தக் குறுகிய நேரத்திலே தொட நான் விரும்பவில்லை. வெட்டுவது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கதையை எழுதி முடித்ததும் அதன் தொடக்கத்தையும் முடிவையும் அடித்துவிடவேண்டும், எழுத்தாளர் அதிகம் பொய் சொல்வது அவ்விரு இடங்களிலேதான் என்று செக்கோவ் தம்மிடம் சொன்னதாக ருஷ்ய எழுத்தாளர் இவான் புனின் பதிவு செய்திருக்கிறார். நம் மாணவர் கதைகளுக்கு இது அப்படியே பொருந்தும். தொடக்கத்திலே பட்டியல், முடிவிலே உபதேசம். இரண்டையும் கையால் மறைத்துக்கொண்டு நடுப்பக்கத்தை வாசித்தால், சிலவேளை நல்ல கதையொன்று அங்கே மூச்சுமுட்டிக் கிடக்கும். எழுதிய அன்றே இதைச் செய்ய மனம் வராது. இரண்டு கிழமை மேசை இலாச்சியிலே போட்டு வைத்துவிட்டு எடுங்கள். வெட்டியதை எரிக்கவேண்டாம், இன்னொரு கதைக்கு உதவும். பிறகு ஊரிலே மூப்பான ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் 'அப்படி ஆர் கதைச்சவை?' என்று குறுக்கிட்டால், அந்த இடத்திலே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஊரைக் காணாத பிள்ளைகள் எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்லுவேன். வீட்டிலே மூத்தவரிடம் போய் 'ஊர் எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர்களும் கிடுகு வேலியிலிருந்து தொடங்குவார்கள். வெளிக்கிட்ட அன்றைக்கு அடுப்பிலே என்ன இருந்தது என்று கேளுங்கள். என்ன கிழமை? வெயிலா, மழையா? கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டது யார்? கதவைப் பூட்டினீர்களா? பூட்டியிருந்தால் திறப்பு எங்கே?

சென்ற வருடம் இந்தக் கேள்விகளைக் கொண்டுபோன ஒரு மாணவி அடுத்த கிழமை வந்தாள். அவளுடைய அம்மம்மா வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பிலே செருகிக்கொண்டு நடந்தாவாம். வழியிலே நினைவு வந்ததாம், முன்கதவைத்தான் பூட்டினோம், குசினிக் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது என்று. திரும்பிப் போக வழியில்லை. அந்தத் திறப்பு இப்போதும் அலுமாரியிலே இருக்கிறது. அந்தப் பிள்ளை கதையைத் தொடங்கிவிட்டாள். முதல் வாக்கியத்திலேயே கதவு பூட்டப்படுகிறது. அம்மம்மா குசினிக் கதவை எந்த இடத்திலே நினைப்பது, அல்லைப்பிட்டிச் சந்திக்கு முன்னரா பின்னரா என்பதிலே சிக்கிக்கொண்டு நிற்கிறாள். அதைக் கேட்பதற்காக இந்த விடுமுறையிலே அம்மம்மாவோடு அந்தத் தெருவாலே ஒருமுறை நடந்து பார்க்கப்போவதாகச் சொன்னாள்.